மீந்த பதநீரை என் செய்வது?



பங்குனி பிறந்துவிட்டால் நம் கடற்கரைப் பகுதியில் பனையேறும் குடும்பங்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர் வட்டாரங்களிலும், பாம்பன், தங்கச்சிமடம் மணற்பரப்புகளிலும் விடியுமுன்னரே மரத்தடியில் ஆள் அரவம் கேட்கும். தை, மாசியில் பாளையை இடுக்கிப் பக்குவப்படுத்தத் தொடங்கும் வேலை, ஆனி, ஆடி வரையில் ஒரு நாளும் ஓய்வதில்லை. குடும்பத் தலைவர் மரத்தில். தலைவி விடிலியின் புகையில். முதியோர் ஓலையும் மட்டையும் சேர்ப்பதில். இப்படி ஒரு வீடு முழுவதும் உழைத்தால்தான் மாலையில் சிரட்டைகளில் கருப்பட்டி இறுகி நிற்கும்.

இந்தக் குடும்பங்களின் தாய்மார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காய்ச்சியதுபோக மீந்துவிட்ட பதநீரை என்ன செய்வது, சாமி? பாதி காய்ந்து நின்றுபோன பாகை மறுநாள் வரைக்கும் எப்படிக் காப்பது?" கேள்வி சிறியது. ஆயினும் ஒரு நாள் உழைப்பு முழுவதும் நிலைப்பதும் வீணாவதும் அதற்குரிய விடையைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக்கொண்டோம். நகரங்களில் வாழும் வாசகர்களும் சலிப்படைய வேண்டாம். பதநீரை மொத்தமாக வாங்கி வீட்டு அடுப்பில் பாகு காய்ச்சுவோர் இப்போது ஆங்காங்கே உண்டு. அவர்களுக்கும் இது பயன்படும்.

ஏன் மீந்துபோகிறது?

மரம் நம் வசதியைக் கேட்டுச் சுரப்பதில்லை. பாளையை நாள்தோறும் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் நுனி காய்ந்து சுரப்பு நின்றுவிடும். எனவே வீட்டில் காய்ச்சலோ, திருமணமோ, இறப்போ எது நேர்ந்தாலும் கலயம் நிறைந்துகொண்டுதான் இருக்கும். பாதையோரத்தில் ஓலைப் பட்டையில் ஊற்றி விற்கக் கொண்டுசென்ற பதநீர், வானம் மூடியிருக்கும் நாளில் விலைபோகாமல் திரும்பி வரும். திடீர் மழையில் விறகு நனைந்துவிடும். பருவத்தின் முடிவில் நான்கைந்து மரங்கள் மட்டும் சுரக்கும்போது, அன்றன்று கிடைப்பது சிரட்டைகளை நிரப்பப் போதாது; இரண்டு மூன்று நாள் சேர்த்தாக வேண்டும். மீந்துபோவது கவனக்குறைவினால் அன்று, தொழிலின் இயல்பினால்.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் மேப்பிள் என்னும் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுத்துப் பாகு காய்ச்சுகிறார்கள். நம் பதநீரில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. அந்தச் சாற்றிலோ ஏறத்தாழ 2 பங்குதான். அதனால் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். நமக்கோ 8 முதல் 10 லிட்டர் பதநீரில் 1 கிலோ கருப்பட்டி கிடைத்துவிடுகிறது. இறைவன் நமக்குத் தந்த மரம் வளமான மரம்.

அங்கும் இதே சிக்கல் உண்டு. காய்ச்சும் தட்டு ஒருபோதும் வறண்டுவிடக் கூடாது. வறண்டால் அடிபிடித்துக் கருகிவிடும். எனவே அடுப்பு அணையும்போது ஓரளவு சாறு தட்டிலேயே நின்றுவிடும். அடுத்த காய்ச்சலுக்குச் சில நாள் இடைவெளி இருந்தால் அது கெடாமல் இருக்க வேண்டுமே! ஆனால் அவர்களுக்கு ஒரு துணை உண்டு. சாறு ஓடும் பருவத்தில் அங்கு இரவில் நீர் உறையும் குளிர். அந்தக் குளிரே காவலாளி. நமக்கோ பங்குனி, சித்திரை வெயில்; கடற்காற்றின் ஈரம்; நள்ளிரவிலும் தணியாத வெப்பம். நம் பதநீரைக் காக்கக் குளிர் வராது. சுண்ணாம்பும் நெருப்புமே நமக்குள்ள இரு காவலர்கள்.

பதநீர் கெடுவது எங்ஙனம்?

பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பும் நீரும் கலந்தது. காற்றிலும் கலயத்திலும் பாளையின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத நொதிகளும் நுண்ணுயிர்களும் குடியிருக்கின்றன. இனிப்பு நீர் அவற்றுக்கு விருந்து. அவை முதலில் சர்க்கரையை இரு எளிய சர்க்கரைகளாகப் பிளக்கின்றன. பின்னர் அவற்றைச் சாராயப் பொருளாகவும் புளிப்பாகவும் மாற்றுகின்றன. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இந்த மாற்றம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அதுவே கள். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு அந்த நுண்ணுயிர்களுக்கு ஒவ்வாத காரத்தன்மையை உண்டாக்கி அவற்றின் வேலையைத் தடுக்கிறது. அதுவே பதநீர்.

இங்கு நாம் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சர்க்கரை பிளவுபட்டுவிட்டால் கருப்பட்டி இறுகாது. எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். சிரட்டையிலிருந்து கழன்று வந்தாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சில நாளில் கசிந்துவிடும். புளிக்கத் தொடங்கிய பதநீரில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டினால் புளிப்புச் சுவை மறையும். ஆனால் பிளந்த சர்க்கரை மறுபடி ஒட்டாது. அதைக் காரத்தோடு காய்ச்சும்போது நிறமும் கறுத்துச் சுவையும் கசந்துபோகும். நன்றாகக் கொதிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் மாயும். அவை செய்து முடித்த அழிவு மாறாது. சுண்ணாம்பும் நெருப்பும் காவலர்களேயன்றி மருத்துவர்கள் அல்லர். காலத்தே வந்தால் காக்கும். காலம் கடந்து வந்தால் குற்றத்தை மறைக்க மட்டுமே உதவும்.

மஞ்சள் சோதனை

பதநீரில் சுண்ணாம்பு போதுமான அளவில் இருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் தாய்மார் அனைவரும் அறிவர். வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, உலர வைத்து, சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மீந்த பதநீரில் ஒரு சொட்டு எடுத்து அதில் இடுங்கள். சிவந்தால் காரம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் காவல் தளர்ந்துவிட்டது. உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். ஆனால் முன்னர்ப் புளித்த பதநீரில் பின்னர்ச் சுண்ணாம்பு இட்டாலும் துணி சிவக்கவே செய்யும் என்பதை மறவாதீர்கள். ஆதலால் துணியோடு மூக்கையும் நாவையும் கண்ணையும் துணைக்கு அழையுங்கள். நுரைத்துக் குமிழியிடுதல், புளித்த மணம், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாய் இழுத்தல் ஆகியவை கெட்டதன் அடையாளங்கள்.

பாதி காய்ச்சுவது பாதிக் காவல் அன்று

நம் தாய்மாரிடையே பரவலாக உள்ள ஓர் எண்ணத்தை இங்குத் திருத்த விரும்புகிறோம். "விறகு தீர்ந்தது, எனினும் பாதியாய்ச் சுண்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சட்டியை மூடிவிட்டுப் படுத்துவிடுவர். கணக்கிட்டுப் பாருங்கள். 10 லிட்டர் பதநீர் 5 லிட்டராகச் சுண்டினால் அதிலுள்ள சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு ஆகும். நுண்ணுயிர்களுக்கு அது தடையே அன்று. முன்னிலும் நல்ல விருந்து. இன்னும் சுண்டி இரண்டரை லிட்டரானால் பாதியளவு சர்க்கரை. ஓரிரு நாள் தாங்கலாம். சர்க்கரை மூன்றில் இரண்டு பங்காகும் வரை சுண்ட வேண்டும். அதாவது பத்து லிட்டர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டராகக் குறைந்து, கரண்டியிலிருந்து தேன்போல் மெல்ல வழியும் பதம். அந்தப் பாகில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருக மாட்டா. பாகில் உள்ள நீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால், அவற்றுக்கு அருந்தப் போதிய நீர் கிட்டாது.

எனவே விறகு குறைவாக இருக்கும் நாளில், இருக்கும் பதநீர் அனைத்தையும் இரண்டு மூன்று சட்டிகளில் பாதி பாதியாகக் காய்ச்சி வைப்பதைவிட, ஒரு சட்டிப் பதநீரையாவது தேன் பதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது நலம். மீதியைக் குடிப்பதற்கு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடலாம். அரைகுறையாய் எல்லாம் இருப்பதைவிட முழுமையாய்ச் சிறிது இருப்பது மேல்.

ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்ய வேண்டியவை

முதலாவது, பச்சைப் பதநீரை நண்பகலைத் தாண்ட விடாதீர்கள். காலையில் இறக்கியதைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை இறுத்து, துணியில் வடித்து அடுப்பில் ஏற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்புக் குழம்பையும் சேர்த்துக் காய்ச்சினால் கருப்பட்டி கறுத்துக் கரகரக்கும்.

இரண்டாவது, பொங்கும்போது ஆமணக்கு முத்தை இடித்து இடுவதும், தேங்காய்த் துருவல் போடுவதும் நம் முன்னோர் கண்ட வழக்கம். எண்ணெய்ப் பசை நுரையை அடக்கும். நுரையோடு மேலெழும் அழுக்கை அகப்பையால் எடுத்துவிடுங்கள். சட்டியின் விளிம்பில் தெறித்து ஒட்டியிருக்கும் பதநீரை ஈரத் துணியால் வழித்துக் கொதிக்கும் பாகிலேயே சேர்த்துவிடுங்கள். கொதியைக் காணாத அந்த விளிம்புப் பதநீரே இரவில் புளிப்புக்கு விதையாகிவிடுகிறது.

மூன்றாவது, தேன் பதத்தில் நிறுத்திய பாகைக் கொதியோடு கொதியாக, வெந்நீரில் கழுவி உலர்த்திய கலத்துக்கு மாற்றுங்கள். சூடாக இருக்கையில் தட்டைப் போட்டு மூடினால் ஆவி திரண்டு நீராகிப் பாகின்மேல் சொட்டும். மேற்பரப்பு நீர்த்து அங்கேயே பூஞ்சணம் பிடிக்கும். எனவே முதலில் மெல்லிய துணியால் கட்டி வையுங்கள்; ஆறியபின் மூடியிட்டு எறும்பு அணுகாமல் வையுங்கள்.

நான்காவது, இரண்டு நாளுக்கு மேல் வைக்க நேர்ந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பாகை மறுபடி கொதிக்க வையுங்கள். விறகு வீணாகுமே என்று அஞ்ச வேண்டாம். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதே நீரை ஆவியாக்கிப் போக்கத் தேவைப்படும். பெருஞ்செலவை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். ஒன்றரை லிட்டர் பாகை மீண்டும் கொதிக்க வைக்க ஒரு கை மட்டையும் இரண்டு சீமைக் கருவேலங் குச்சியும் போதும். அந்தச் சிறு செலவுக்கு அஞ்சினால் பெருஞ்செலவு பாழாகும்.

ஐந்தாவது, பழைய பாகின்மேல் புதுப் பதநீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கெட்டியான பாகு நீர்த்து, காவல் இழந்துபோகும். பழையதில் குறை இருந்தால் புதியதும் கெடும். மேலும் ஒருமுறை சுண்டிய பாகு மறுபடி மணிக்கணக்கில் கொதித்தால் கறுத்துவிடும். புதுப் பதநீரைத் தனியே காய்ச்சுங்கள். அதுவும் தேன் பதத்தை அடைந்தபின் பழைய பாகைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக இறுதிப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் கெட்டியான உருண்டையாக வர வேண்டும். பின்னர் இறக்கிக் கிளறிச் சிரட்டைகளில் ஊற்றலாம்.

ஆறாவது, கலயங்களை அன்றன்றே கழுவி வெயிலில் காயவைத்துப் புதிதாய்ச் சுண்ணாம்பு தடவுங்கள். நேற்றைய கலயத்தில் ஒட்டிய ஒரு துளியே நாளைய பதநீரைக் கெடுக்கப் போதும்.

கெட்டுப்போனால்?

இத்தனைக்கும் பிறகும் சில நாள் கெட்டுப்போகும். அப்போது என் செய்வது? இங்கேதான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது. இறுகாத பாகில் வெள்ளைச் சீனியைக் கொட்டி இறுகச் செய்து, பனங்கருப்பட்டி என்று விற்கும் பழக்கம் நம் மாவட்டங்களில் புகுந்துவிட்டது. அதை முதலில் செய்தவர் ஒரு நாள் உழைப்பு வீணாவதைப் பொறுக்க மாட்டாமல் செய்திருக்கலாம். அவருடைய வேதனை நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் சீனி மலிவு, கருப்பட்டி விலை அதிகம் என்பதைக் கண்டபின், மீந்ததைக் காக்கத் தொடங்கிய வழக்கம் பதநீரே இல்லாமல் கருப்பட்டி செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதனால் இழப்பு யாருக்கு? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாள்தோறும் மரம் ஏறி இறங்குபவருக்கு. அவருடைய உண்மைக் கருப்பட்டியையும் வாங்குபவர் ஐயத்தோடு புரட்டிப் பார்க்கிறார். சீனி கலந்தவரின் விலைக்கே அவரும் விற்க நேரிடுகிறது. ஏழையின் ஒரே மூலதனம் அவருடைய பொருளின் மீதுள்ள நம்பிக்கை. அதைக் கரைப்பது களவுக்குச் சமம்.

புளித்ததை அப்படியே வைத்துக்கொள்வதும் தகாது. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. சுண்ணாம்பின் காவலை இழந்து புளித்த பதநீர் கள்ளே. ஆப்பத்துக்கு மாவு புளிக்க வைக்க என்று சிறிது எடுத்து வைத்த காலம் உண்டு. இன்று அதற்கு ஈஸ்ட் கடையில் கிடைக்கிறது. வீட்டில் புளித்த பானை இருந்தால் வழக்கு வரலாம்; அதற்கு முன்னரே வீட்டு இளைஞனின் கையில் அது குவளையாக மாறலாம். குடியால் கண்ணீர் வடிக்கும் குடும்பங்களை நாம் நாளும் காண்கிறோம். எனவே நன்கு புளித்ததைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இலேசாய்ப் பதம் தவறி, சுவை மாறாமல், இறுகாது நிற்கும் பாகு வேறு. அதைப் பாகாகவே வீட்டில் வைத்து, பணியாரத்துக்கும் களிக்கும் சுக்குக் காப்பிக்கும் பயன்படுத்தலாம். விற்பதானால் பாகு என்று சொல்லியே விற்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதில் வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சொல்

பனைத் தொழிலாளர் பலருக்கு மனத்தில் ஓர் உறுத்தல் உண்டு. ஞாயிறன்றும் மரம் ஏற வேண்டியிருக்கிறதே என்பர். நிறுத்தினால் பாளை காயும் என்றால் அது தவிர்க்க இயலாத வேலை, அதில் குற்றமில்லை. ஆனால் காய்ச்சும் வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். பழைய ஏற்பாட்டில் பாலைநிலத்து மக்கள் மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தபோது அது புழுத்துப்போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரு மடங்கு சேர்த்து, வேக வைப்பதை வேக வைத்து வைத்தபோது கெடவில்லை. நம் தாய்மாருக்கு இது நன்கு புரியும். சனிக்கிழமைப் பதநீரை அன்றே தேன் பதம் வரை காய்ச்சி முடித்து, பாகாகக் கட்டி வைத்துவிட்டால், ஞாயிறு காலையில் விடிலியில் நேற்றைய சட்டி காத்துக்கிடக்காது. குடும்பம் முழுவதும் திருப்பலிக்கு வரலாம்; அன்றைய பதநீரைத் திரும்பி வந்து, நண்பகலுக்குள் அடுப்பில் ஏற்றலாம். கணவர் ஒரு பூசைக்கும் மனைவி ஒரு பூசைக்குமாகப் பிரிந்து வர வேண்டியதில்லை.

மரமும் மனிதரும்

பனையை நம் அரசு மாநில மரமாகப் போற்றுகிறது. 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை விதைகளை நடும் திட்டமும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்ற கட்டுப்பாடும் அறிவிக்கப்பட்டன. நல்ல செயல்கள். 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கமும் பனைவெல்லத் தொழிலை ஏழைகளின் தொழிலெனக் கண்டு ஊக்கியது. ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, ஏறுவோரும் வேண்டும். மகன் கடலுக்கோ, சென்னைக்கோ, வளைகுடா நாட்டுக்கோ போவதைத் தந்தை தடுப்பதில்லை. ஏன்? ஏறி இறங்கிய உழைப்பில் பாதி புளித்தும், மீதி விலை குறைந்தும் போவதைக் கண்ட பிள்ளை அத்தொழிலை எப்படி விரும்புவான்? மீந்த பதநீரைக் காப்பது சில படி பாகைக் காக்கும் செயல் மட்டுமன்று. இந்தத் தொழிலில் மானத்தோடு வாழ முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டும் செயலும் ஆகும்.

வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நேர்மையாய்க் காய்ச்சும் ஒரு வீட்டை அறிந்து, ஆண்டுக்கு வேண்டிய கருப்பட்டியைப் பருவத்திலேயே அவர்களிடம் வாங்கி வையுங்கள். சற்றுக் கறுத்திருக்கிறது, வடிவம் கோணலாயிருக்கிறது என்று விலையைக் குறைக்காதீர்கள். பளபளவென்று ஒரே அச்சாய் இருப்பதெல்லாம் பனையிலிருந்து வந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பாடுபட்டுச் சேர்த்த கருப்பட்டியை ஐப்பசி, கார்த்திகை மழையில் கசியாமல் காப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் காண்போம்.